இருபத்தேழு நாள் கணக்கு

சுசீலா படியேறி வந்தபோது கஜபதி மாங்காய்க் கீற்றை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். 1990 ஏப்ரல் மாதம். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில் தகரக் கூரை போட்ட அந்த அறையில் பதினோரு மணிக்கே ஆள் வெந்துவிடும். வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்னால் மின்விசிறி ஓடுகிறதா என்று அண்ணாந்து பார்ப்பது வழக்கம். இவள் பார்க்கவில்லை. கையிலிருந்த காக்கி உறையை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

கஜபதி முப்பது வருடம் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணைக் குறிப்பு எழுதியவர். இரண்டு தரப்பும் சத்தியம் செய்து பொய் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் கோபம் என்பதே தேய்ந்து போயிருந்தது. ஓய்வு பெற்றதும், யார் சொல்வது நிஜம் என்று பார்த்துச் சொல்வதையே தொழிலாக வைத்துக்கொண்டார். துணைக்குத் துலுக்கானம். ஆட்டோ ஓட்டுகிறவன், நாற்பத்தைந்து வயது, சவாரி கிடைக்காத நேரமெல்லாம் இந்த அறையில்தான் இருப்பான். கிடைத்தாலும் பாதி நாள் இங்கேதான். துப்புத் துலக்குவது என்றால் சட்டைக் காலரைப் பிடித்து நாலு கேள்வி கேட்பது என்பது அவனுடைய உறுதியான எண்ணம். பத்து வருடமாக ஒரு காலரும் அவன் கைக்குக் கிடைக்கவில்லை.

சுசீலா சொன்ன கதை இது. அவள் புருஷன் உத்தமன் திருமழிசை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வெல்டர். பிப்ரவரி கடைசியில் அவனுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. கடுமையான வெளிச்சத்தைப் பார்த்ததால் விழித்திரையின் நடுப்பகுதி வெந்திருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வெல்டிங் வெளிச்சத்தாலும் அப்படி ஆகும், சூரியனைப் பார்த்தாலும் ஆகும், எது என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் எழுதிவிட்டார். வில்லங்கம் அங்கேதான் பிடித்தது. ஏனென்றால் உத்தமனுக்குச் சூரியனைப் பார்ப்பது ஒரு கிறுக்கு. தானே குழாயும் லென்சும் வாங்கித் தொலைநோக்கி செய்து, மொட்டை மாடியில் வைத்து, அதன் வழியே வரும் வெயிலைத் தாள்மேல் விழவைத்து, சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளைத் தினம் பென்சிலால் வரைந்து வைப்பான்.

பிப்ரவரி இருபத்து நாலு சனிக்கிழமை வேலையில் கண் போனது என்கிறான் உத்தமன். முகத்துக்குப் பிடிக்கிற ஷீல்டில் கறுப்புக் கண்ணாடி உடைந்து, வேறு ஏதோ கண்ணாடியை மாட்டிக் கொடுத்தார்களாம். கம்பெனி அப்படி இல்லை என்கிறது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் நல்ல கண்ணோடு மாடியில் நின்று, குழாயில் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்த்தான், பார்த்துப் படமும் வரைந்தான் என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் படத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை விசாரணை என்று வந்த நோட்டீசும் அந்தப் படத்தின் ஜெராக்ஸும் காக்கி உறையில் இருந்தன. கம்பெனி சொல்வது நின்றால் உத்தமன் தன் கண்ணைத் தானே அவித்துக்கொண்டவன் ஆகிவிடுவான், வேலையும் போய்விடும்.

"நீ எங்கம்மா இருந்தே அன்னிக்கு?" என்று கேட்டார் கஜபதி.

ஆவடியில் சித்தி வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தாளாம். சனி காலை போனவள் ஞாயிறு ராத்திரிதான் திரும்பினாள். வந்து பார்த்தால் அவன் கண்ணில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். எப்போது ஆனது என்று அவள் பார்க்கவில்லை.

"சூப்பர்வைசர் பேரு சம்பத்," என்றாள் சுசீலா. அதுவரை நேராக வந்த குரல் அங்கே தடுமாறியது. "என் கூடப் பொறந்த அண்ணன் சார். எங்கப்பா செத்தப்புறம் எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சதே அதுதான். ஒரு மாசமா ஒருத்தரு மூஞ்சியில முழிக்கும்போது இன்னொருத்தரு பொய் சொல்றாருன்னு தோணுது. கேஸு எப்டினா போவட்டும். யாரு பொய்யின்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

துலுக்கானம் அப்போதே ஆட்டோ சாவியை எடுத்துவிட்டான்.

குமணன்சாவடியில் அவர்கள் வீடு. உத்தமன் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நல்ல உயரம், முப்பத்தைந்து வயதிருக்கும். கஜபதி கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னான். ஆனால் ஒரு தடவைகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரோடு பேசும்போது கதவு நிலையைப் பார்த்தான். துலுக்கானத்தோடு பேசும்போது சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தான். துலுக்கானத்துக்கு அது போதும். வெளியே வந்து, "மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசல சார். ஆளு டுபாக்கூரு," என்று கிசுகிசுத்தான்.

அங்கிருந்து திருமழிசைக்குப் போனார்கள். சம்பத் கம்பெனி வாசல் டீக்கடைக்கே வந்து பேசினான். துலுக்கானத்துக்கும் சேர்த்து டீ சொன்னான். கஜபதியின் கண்ணை நேராகப் பார்த்து, தங்கச்சி புருஷனுக்கு எதிராக எழுதிக் கொடுக்க யாருக்கு மனசு வரும், ஆனால் கண்ணால் பார்த்ததை மறைக்க முடியுமா என்று கேட்டான். ஞாயிறு சாயங்காலம் நாலரைக்கு இளநீர் வாங்கிக்கொண்டு போனானாம். உத்தமன் மாடியில் குழாயில் கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தானாம். எதிரிலேயே அந்தப் படத்தை வரைந்து, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தானாம். திரும்பி வரும் வழியில் துலுக்கானம் வண்டியை ஓட்டியபடியே தீர்ப்பு வழங்கிவிட்டான்.

"அண்ணங்காரன் சொல்றதுதான் சார் கரீட்டு. இன்னா தெளிவாப் பேசறான் பாத்தியா?"

"தெளிவாத்தான் பேசறான்," என்றார் கஜபதி. "உத்தமனுக்கு நடுப்பார்வை இல்ல துலுக்கானம். நேராப் பார்த்தா அவனுக்கு நம்ம மூஞ்சி இருக்கிற இடத்துல கறுப்பாத்தான் தெரியும். ஓரமாப் பார்த்தாத்தான் நாம தெரிவோம். அவன் கதவைப் பார்த்தப்ப என்னைத்தான் பார்த்துகிட்டிருந்தான்."

துலுக்கானம் குமணன்சாவடி வரும்வரை ஹாரனை மட்டும் அடித்துக்கொண்டு வந்தான்.

மறுபடி வீட்டுக்குப் போய் கஜபதி படங்களைக் கேட்டார். சுசீலா ஒரு தடித்த ஃபைலைக் கொண்டுவந்து கொடுத்தாள். கம்பெனியில் கழித்துப் போட்ட, வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டுத் தாள்களின் பின்பக்கத்தில், காம்பஸால் ஒரே அளவில் போட்ட வட்டங்கள். ஒவ்வொன்றிலும் நடுவே கிழக்கு மேற்காக ஒரு கோடு, புள்ளிகள், தேதி, கையெழுத்து. பதினோரு மாதத்துப் படங்கள். கஜபதி அவற்றை வருகைப் பதிவேட்டைப் புரட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு நாளைக்கு ஒரு விரல் அகலம் புள்ளிகள் கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்துகொண்டே போயின. மேற்கு ஓரத்தில் மறைந்தவற்றில் பெரியவை சில, இரண்டு வாரம் கழித்துக் கிழக்கு ஓரத்தில் மறுபடி எட்டிப் பார்த்தன.

"புள்ளியா ஓடுது?" என்று கேட்டான் துலுக்கானம்.

சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது, புள்ளியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போகிறது என்றான் உத்தமன். பூமியிலிருந்து பார்க்கிற நமக்கு ஒரு சுற்று முடிய இருபத்தேழு நாள் ஆகும். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. அப்புறம், தன் கண்ணில் இப்போது ஒரு புள்ளி இருக்கிறது, அது மட்டும் நகர்வதில்லை என்றான்.

ஃபைலில் கடைசிப் படம் பிப்ரவரி இருபது, செவ்வாய்க்கிழமை. புதன் முதல் வெள்ளி வரை விடியற்காலையிலேயே வேலைக்கு வரச் சொல்லிவிட்டதால் வரையவில்லை என்றான். சனிக்கிழமை? சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வரைந்தானாம். அதைச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கேல் வைத்து அளந்து குறிப்பதற்காகக் கையோடு கொண்டுபோனான்; அது அவனுடைய பழக்கம். அன்றைக்கு அளக்கவில்லை. தாள் என்ன ஆனது என்று தெரியாது.

கஜபதி எழுந்து சமையலறைப் பக்கம் போனார். ஆணியில் ஒரு ரெக்சின் பை தூசி படிந்து தொங்கியது. உத்தமன் வேலைக்கு எடுத்துப் போகிற பை. டிபன் பாக்ஸை மட்டும் எடுத்துக் கழுவிவிட்டு, அப்படியே மாட்டிவைத்த பிறகு சுசீலா அதைத் தொடவே இல்லை. தொட மனசு வரவில்லை என்றாள். உள்ளே ஒரு ஸ்கேல், அரைப் பென்சில், நாலாக மடித்த ஒரு ஜாப் கார்டு. 24-2-90.

அவர் அதைப் பிரித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு உத்தமனிடம் சாதாரணமாகக் கேட்டார்: சூரியனில் இருக்கிற எல்லாப் புள்ளியும் சேர்ந்து ஒரே வேகத்தில்தான் சுற்றுமா?

உத்தமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அங்கே நின்றது துலுக்கானம். ஆனால் ஓரமாக நின்ற சுசீலாவைத்தான் அவன் கண்ணோரம் பார்த்தது.

"எல்லாம் ஃபைல்லயே கீது சார்," என்றான் கடைசியில். "பாத்துக்கங்க."

கஜபதி சுசீலாவிடம் இரண்டே கேள்வி கேட்டார். இந்த ஃபைல் எப்போதாவது வீட்டை விட்டு வெளியே போனதா என்பது ஒன்று. மார்ச் மாதத்தில், டாக்டர் பார்க்க வேண்டும் என்கிறார் என்று அண்ணன் ஒரு நாள் வாங்கிப் போய் மறுநாள் கொண்டுவந்து கொடுத்தது என்றாள். உன் கையால்தான் கொடுத்தாயா என்பது இன்னொன்று. ஆமாம் என்றாள். சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

விசாரணைக்கு முந்தைய நாள், வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, கஜபதி சம்பத்தை அந்த வீட்டுக்கே வரச் சொன்னார். வெயில் இன்னும் தணியவில்லை. சம்பத் கையில் ஒரு பை சாத்துக்குடியோடு வந்தான். அதைத் தங்கையிடம் நீட்டினான். அவள் வாங்கி, கீழே வைத்தாள்.

"உங்க படத்துல ஒரே ஒரு சந்தேகம்," என்று ஆரம்பித்தார் கஜபதி. நோட்டீசோடு வந்த ஜெராக்ஸை ஜன்னல் கண்ணாடிமேல் வைத்தார். "ரெண்டு புள்ளி இருக்கு. நடுக்கோட்டுக்குப் பக்கத்துல பெரிசு ஒண்ணு. அதுக்கு வடக்கே, நல்லாத் தள்ளி, சின்னது ஒண்ணு. ரெண்டும் நேருக்கு நேர். பெரிசுக்குத் தலைமேல சின்னது. இது ஞாயித்துக்கிழமை. சரிதானே?"

சம்பத் தலையாட்டினான்.

"இது சனிக்கிழமைப் படம்." மடிப்பு விழுந்த தாளை அதன்மேல் வைத்தார். வெயிலில் இரண்டு வட்டமும் ஒன்றாகத் தெரிந்தன. "பெரிய புள்ளியைப் பாருங்க. சனிக்கும் ஞாயித்துக்கும் சுமாரா ஒரு விரல் நகர்ந்திருக்கு. ஒழுங்கா இருக்கு. இப்ப சின்னதைப் பாருங்க. சனிக்கிழமை அது பெரிசுக்குப் பின்னால, கிழக்கே, ஒண்ணரை விரல் தள்ளிக் கிடக்கு. மறுநாள் அதுக்குத் தலைமேல வந்து நிக்கணும்னா, ஒரே நாள்ல ரெண்டு நாள் தூரத்துக்கு மேல ஓடியிருக்கணும். பதினோரு மாசத்துல எந்தப் புள்ளியும் அப்படி ஓடினதில்ல."

சம்பத் அசரவில்லை. கண் கெட்டுப் போயிருந்தது, அதனால் மாப்பிள்ளை தப்பாக வரைந்திருப்பார் என்றான். அப்படிச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கண் நன்றாக இருந்தது என்று தானே எழுதிக் கொடுத்தது என்ன ஆகும் என்று அவனுக்கு அப்புறம்தான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டான். துலுக்கானம் காலருக்காக ஒரு அடி முன்னே வந்தான். கஜபதி கையைக் காட்டி நிறுத்தினார்.

"தப்பா வரையல. அருமையா வரைஞ்ச படம் அது. தேதிதான் தப்பு." ஃபைலிலிருந்து இரண்டு தாளை உருவினார். "இது ஜனவரி இருபத்தெட்டு. இது முப்பது. நடுவுல இருபத்தொம்பதைக் காணோம். உங்க படத்தை நடுவுல வச்சா, புள்ளி ரெண்டும் அளந்து வச்ச மாதிரி வந்து உக்காருது. துலுக்கானம், ஜனவரி இருபத்தொம்பதுலேர்ந்து பிப்ரவரி இருபத்தஞ்சு எத்தன நாள்?"

துலுக்கானம் சுவர்க் காலண்டரில் விரல் வைத்து எண்ணினான். இரண்டாவது தடவையும் எண்ணிப் பார்த்துவிட்டு, இருபத்தேழு என்றான்.

"புத்திசாலித்தனமான வேலைதான்," என்றார் கஜபதி. "இருபத்தேழு நாள்ல சூரியன் ஒரு சுத்து சுத்தி முடிச்சிடும், புள்ளியெல்லாம் பழைய இடத்துக்கே வந்துடும்னு உங்களுக்குத் தெரியும். அதனால கரெக்டா இருபத்தேழு நாளைக்கு முந்தின படத்தை எடுத்து, பென்சில் தேதியை அழிச்சு, வேற தேதி போட்டீங்க. பெரிய புள்ளி நீங்க நெனச்ச மாதிரியே திரும்பி வந்துடுச்சு. ஆனா நீங்க காலமெல்லாம் இரும்போட பழகினவர். லேத்துல ஒரு ராடை மாட்டினா, அந்த முனையும் இந்த முனையும் நடுவும் ஒண்ணாத்தான் சுத்தும். சூரியன் இரும்பு இல்ல, வாயு. நடுக்கோட்டுக்கிட்ட வேகமாச் சுத்துது, வடக்கே தெற்கே தள்ளிப் போகப்போக மெதுவாச் சுத்துது. சின்னப் புள்ளிக்கு ஒரு சுத்து முடிய இன்னும் ஒண்ணரை நாள் வேணும். அது பின்தங்கிப் போச்சு. எனக்கு இது நேத்து வரைக்கும் தெரியாது. இந்த ஃபைல்ல போன அக்டோபர்ல ஒரு ஜோடி இருக்கு, சேர்ந்து போயி, அடுத்த சுத்துல பிரிஞ்சு வருது. அதைப் பார்த்துக் கத்துகிட்டேன். ஃபைலு ஒரு ராத்திரி பூரா உங்க கையிலயும் இருந்துச்சு."

சம்பத் சாத்துக்குடிப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றான். டீக்கடையில் கண்ணை நேராகப் பார்த்துப் பேசியவனுக்கு இப்போது பார்க்க ஒரு இடம் கிடைக்கவில்லை.

உண்மை மெதுவாகத்தான் வந்தது. கறுப்புக் கண்ணாடி இரண்டு வாரமாக ஸ்டாக் இல்லை. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வேலையை முடித்து அனுப்ப வேண்டும். கேஸ் கட்டிங்குக்குப் போடுகிற, வெல்டிங் வெளிச்சத்தைத் தடுக்காத இளம்பச்சைக் கண்ணாடியை ஷீல்டில் மாட்டி, இன்றைக்கு மட்டும் ஓட்டு மாப்ள என்று கொடுத்தது அவன்தான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் அவன்தான். முதலாளி கூப்பிட்டு, ஒன்று அவன் கண் கம்பெனிக்கு வெளியே போனதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நீ வெளியே போக வேண்டும் என்றார். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

"மூணு நாள்ல சரியாய்டும்னு நெனச்சேன் சுசீ," என்றான்.

சுசீலா அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம எளநி வாங்கினு வந்தியே. எதுக்கு வந்தே?"

சம்பத் ஒரு அடி பின்வாங்கினான்.

"கண்ணு எப்டி கீதுன்னு பாக்கத்தானே வந்தே? கண்ல மண்ண வாரிக் கொட்டின மாதிரி இந்த மனுசன் துடிச்சிகினு கெடந்துச்சு. பாத்துட்டு, ஆஸ்பத்திரிக்கிக் கூட இட்டுனு போவாம, எளநிய வச்சிட்டுப் போய்ட்டே."

"ஆமா," என்றான் சம்பத்.

அவள் பையை எடுத்து அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். அவன் போனான். உத்தமன்தான் முதலில் பேசினான். வழக்கம்போல் கதவு நிலையைப் பார்த்தபடி.

"இருபத்தேழு நாளுன்னு மச்சானுக்கு நான்தான் சார் சொன்னேன். மாடியில வச்சி. எல்லாம் ஒண்ணாத் திரும்பாது மச்சான், கேளுன்னேன். அதுக்குள்ள டீ குடிச்சிட்டு வர்றேன்னு எறங்கிப் போய்ட்டான்."

கஜபதி அவனை நிமிர்ந்து பார்த்தார். சுசீலா மெல்லத் திரும்பினாள்.

"அப்ப உனக்குத் தெரியும்," என்றாள்.

நோட்டீசு வந்த அன்றைக்கு அந்தப் படத்தை அவள்தான் அவனுக்கு வர்ணித்துச் சொன்னாள். பெரிய புள்ளி இங்கே, சின்னது நேர்மேலே என்று. கேட்டதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. எந்தத் தாள், எந்தத் தேதி என்றுகூடப் புரிந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிலிருந்து ஒரு மாதம் அவள் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இவன் பொய் சொல்கிறானோ என்று விழித்துக் கிடந்தாள். அதுவும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"உனுக்குக் கீறது ஒரே அண்ணன்," என்றான் உத்தமன்.

"எனுக்குக் கீறது ஒரே புருசன்னு தோணலயா உனுக்கு?"

துலுக்கானத்துக்கு அங்கே நிற்க முடியவில்லை. பொய்க்காரனைக் கண்டுபிடித்தால் மனசு குளிரும் என்றுதான் பத்து வருடமாக நம்பியிருந்தான். வாசலுக்குப் போய், நின்றிருந்த வண்டியைத் துடைத்தான்.

வெள்ளிக்கிழமை விசாரணை அரை மணி நேரத்தில் முடிந்தது. கஜபதி இரண்டு தாளையும் ஜன்னலில் வைத்துக் காட்டியதும் கம்பெனித் தரப்பில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளிக்கு யோசிக்க நேரமே தேவைப்படவில்லை. சூப்பர்வைசர் தன் இஷ்டத்துக்குத் தவறான கண்ணாடியைக் கொடுத்து, தன் இஷ்டத்துக்குப் போலிப் படமும் கொடுத்திருக்கிறார், நிர்வாகத்துக்கு இதில் எதுவுமே தெரியாது என்று அங்கேயே சொல்லி எழுத வைத்தார். சம்பத்தை அன்றே வேலையை விட்டு எடுத்தார். உத்தமனைக் கைவிட மாட்டோம் என்றும் பெருந்தன்மையோடு அறிவித்தார். கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வேலை. வருகிறவன் முகம் தெரியாத ஆளைக் கேட்டில் உட்கார வைப்பதில் அந்த அறையில் ஒருத்தருக்கும் வேடிக்கை தெரியவில்லை. நிர்வாகத்துக்குத் தெரியாது என்ற வரியின்மேல் கஜபதியால் எந்தத் தாளையும் வைத்துக் காட்ட முடியவில்லை. கையெழுத்துப் போட்டார்கள்.

துலுக்கானம்தான் அவர்களை வீட்டுக்கு அழைத்துப் போனான். கஜபதி முன்சீட்டில் அவனை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். பின்னால் சுசீலாவின் மடியில் ஃபைல் இருந்தது. உத்தமன் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பி வைத்திருந்தான். கண்ணாடியில் அதைப் பார்த்த துலுக்கானத்துக்கு இப்போது தெரியும், அவன் சாலையைப் பார்க்கவில்லை. கண்ணின் ஓரத்தால் பெண்சாதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நசரத்பேட்டை தாண்டும்போது சுசீலா அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நேராப் பாரு," என்றாள்.

"நேராப் பாத்தா நீ தெரிய மாட்டே சுசீலா."

"தெரியாட்டி போ. இனிமே நேராப் பாத்தே எங்கிட்டப் பேசு."

அவன் அவள் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். எதிரே தண்ணி லாரி ஒன்று வந்தது. துலுக்கானம் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டு வண்டியை ஓரங்கட்டி வழிவிட்டான்.